தெருமுனையில் ஒரு சோலை

கோடை விடுமுறை வந்தால் போதும், பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் எனக்கு வருசா வருசம் பார்த்துப் பழகிய காட்சி இது. கோவையில் வேலை பார்க்கும் அக்கா மகனும் அந்த வரிசையில் வருபவன்தான். "மாமா, அங்க மூணு நாள் இருந்தா தலைவலி போயிருது, தூக்கம் நல்லா வருது. ஊருக்குத் திரும்புன மறுவாரமே பழைய கதைதான்" என்பான்.

கொடைக்கானல் ஊர் உருவானதே உடம்புக்காகத்தான். மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள், 1845இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் ஏரி அமைந்தது. 1908இல் பிரையண்ட் பூங்கா வந்தது.

பச்சை எப்படி உடம்பைத் தேற்றுகிறது? மர நிழல் வெக்கையைத் தணிக்கிறது. இலை தூசியைப் பிடிக்கிறது. நிழல் இருந்தால் மனுசன் வெளியே வந்து நாலு எட்டு நடக்கிறான், நாலு பேரோடு பேசுகிறான். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நோயாளிகள் எந்த மலைக்கும் போகவில்லை. பக்கத்தில், தினமும் கண்ணில் பட்ட மரம்தான் வேலை செய்தது. வருசத்துக்கு மூணு நாள் மலையேறினால் அந்தப் பலன் எப்படி நிலைக்கும்?

எல்லோருமே மலையேறினால் மலையும் தாங்காது. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் போக இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. நமக்கு இது வெறும் சுற்றுலாச் சங்கதி இல்லை. மேலே சோலைக்காடும் புல்வெளியும் மழையைக் குடித்து வைத்திருந்து மெல்ல விடுவதால்தான் கீழே வரதமாநதிக்கும் பாலாறு பொருந்தலாற்றுக்கும் தண்ணீர் வருகிறது. அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை வாட்டில், பைன், தைலமரம் நட்டு ஏற்கெனவே இழந்துவிட்டோம். பச்சையாக இருப்பதெல்லாம் காடு ஆகிவிடாது.

நகரத்துக்கும் இதே பாடம்தான். பூச்சிமருந்து அடித்த புல்தரையில் குழந்தையை உருளவிட்டு ஆரோக்கியம் தேடலாமா? புங்கன், வேம்பு, பூவரசு, நாவல் என்று நம் மண்ணின் மரங்கள் போதும். உதிரும் சருகை எரிக்காமல் அங்கேயே மட்கவிட்டால் உரத்துக்குக் காசு வேண்டாம். மரத்துக்குக் கீழே நாலு பாத்தியில் கீரை போட்டால் தெருப் பெண்களும் முதியவர்களும் தானாகக் கூடுவார்கள்.

உழவர்களே, உங்கள் காய்கறி வாங்கும் நகரத்துக் குடும்பங்களிடம் இதைப் பேசுங்கள். இந்த மழைக்காலத்துக்கு ஆளுக்குப் பத்து நாட்டு மரக்கன்றும் ஒரு பிடி கீரை விதையும் எடுத்துக் கொடுங்கள். எங்கே நடுவது என்று அவர்கள் கேட்டால், குளக்கரையையும் தெருமுனையில் குப்பை கொட்டும் காலி இடத்தையும் காட்டுங்கள்.