ஜாதிக்காய் எந்த ஊர்ச் சரக்கு?
வணிகரை நினைக்கும் திருவிழாக்களும் நமது கடமையும்



திண்டிவனத்தில் எங்கள் மண்டிக்குச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் சரக்கு எடுக்க வந்திருந்தார். பள்ளி விடுமுறை என்பதால் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார். ஜாதிக்காய் நிறுத்துப் போடும்போது அந்தப் பெண் ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "தாத்தா, இது எந்த ஊர்ல காய்க்குது?" என்று கேட்டாள். "கேரளாவுல இருந்து வருது கண்ணு" என்றோம். "அங்க எப்படி வந்துச்சு?" என்றாள். "பாப்பா, சும்மா இரு. ஐயாவுக்கு வேலை இருக்கு" என்று தகப்பனார் அடக்கிவிட்டார். உண்மையில் நமக்கு அப்போது வேலை இல்லை, விடைதான் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாக விற்கும் சரக்கின் பூர்வீகம் தெரியாமல் இருந்தது வெட்கமாக இருந்தது. அதைத் தேடிப் படித்ததன் பலனே இக்கட்டுரை.

கட்டாக் நகரில் வணிகனுக்கு ஒரு விழா

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வழியாகப் புவனேசுவரத்துக்கு வாராந்திர ரயில் போகிறது. புவனேசுவரத்துக்குப் பக்கத்தில் மகாநதிக் கரையில் உள்ள பழைய நகரம் கட்டாக். அங்கே ஆண்டுதோறும் கார்த்திகைப் பௌர்ணமியன்று "பாலி யாத்திரை" என்ற பெருவிழா தொடங்குகிறது. அவர்களுடைய மாதக் கணக்கு வேறு. ஆகவே அந்த நாள் பெரும்பாலும் நமக்கு ஐப்பசிப் பௌர்ணமியாக, சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாளாக வரும்.

பொழுது விடிவதற்கு முன்பே ஒடிசா மக்கள் ஆற்றங்கரைக்கும் குளக்கரைக்கும் வந்துவிடுவர். வாழைப் பட்டையிலும் நெட்டியிலும் காகிதத்திலும் சிறு படகு செய்து, விளக்கேற்றி, வெற்றிலை பாக்கு வைத்துத் தண்ணீரில் மிதக்கவிடுவர். இதற்கு "போயித்த வந்தனம்", அதாவது கப்பலை வணங்குதல் என்று பெயர். அக்காலத்தில் "சாதவர்" எனப்பட்ட கடல் வணிகர்கள் பாலி, ஜாவா, சுமத்திரா தீவுகளுக்குப் புறப்பட்டபோது அவர்கள் வீட்டுப் பெண்கள் கரையில் நின்று கப்பலுக்குப் பூசை செய்து அனுப்பினர். அதன் நினைவாகவே இது நடைபெறுகிறது. 2022ஆம் ஆண்டு கட்டாக்கில் பள்ளிப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காகிதப் படகுகள் செய்து கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றனர்.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததில் வியாபாரக் கணக்கு உண்டு. மழையும் புயலும் ஓய்ந்து வாடைக்காற்று நிலைபெறும் காலம் அது. அக்காற்று பாய்மரத்தைத் தெற்கே தள்ளும். சோழமண்டலக் கரையோரமாக இறங்கி, இலங்கையைத் தொட்டு, அங்கிருந்து கிழக்கே திரும்பித் தீவுகளை அடைவர் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். திரும்பி வருவதற்குத் தென்மேற்குக் காற்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு கொள்முதலுக்கு ஓர் ஆண்டு! போன சரக்கில் முக்கியமானது துணி. வந்தவை கிராம்பு, ஜாதிக்காய், சந்தனம், கற்பூரம் முதலியன. நம் கடைகளில் உள்ள வால்மிளகும் ஜாவாத் தீவின் சரக்கே.

பயணத்தின் மறுபக்கமும் அங்கே மறக்கப்படவில்லை. தாபோய் என்ற வணிகர் வீட்டுப் பெண்ணின் கதையை ஒடிசாவில் சிறுமிகள் நோன்பிருந்து கேட்பார்கள். ஏழு அண்ணன்மாரும் கடல் வாணிபத்துக்குப் போன பின், அண்ணிமார்கள் அவளை ஆடு மேய்க்க விட்டுக் கொடுமை செய்கிறார்கள். அண்ணன்மார் திரும்பி வந்த பிறகுதான் விடிவு பிறக்கிறது. வியாபாரி ஊரில் இல்லாதபோது வீடு என்ன பாடுபடும் என்பதை அந்த மக்கள் கதையாக்கி வைத்திருக்கிறார்கள்.

"பாலி" என்ற பெயருக்கு வேறொரு விளக்கமும் உண்டு. ஒடியா மொழியில் அச்சொல்லுக்கு மணல் என்றும் பொருள். சைதன்யர் பூரிக்குச் செல்லும் வழியில் மகாநதி மணலில் இறங்கிய நாளே இது என்பாரும் உளர். பெயர்க் காரணம் எதுவாயினும், ஆற்று மைதானத்தில் ஒரு வாரத்துக்கும் மேலாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் போடப்படுகின்றன. கட்டாக்கின் வெள்ளிக் கம்பி நகை முதல் அகப்பை, முறம் வரை விற்பனையாகிறது. தயிர்வடையும் உருளைக்கிழங்குக் கறியும் சேர்ந்த பலகாரம் அங்கே மிகவும் பிரசித்தம். பழைய வணிகரை நினைக்கும் விழாவில் இன்றைய வணிகர்க்கும் கல்லா நிரம்புகிறது.

ஜாதிக்காயும் பீவர் தோலும்

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். ஜாதிக்காய் பல நூற்றாண்டுகள் வரை உலகில் ஒரே இடத்தில்தான் விளைந்தது. இந்தோனேசியாவில் உள்ள பண்டா என்னும் சின்னஞ்சிறு தீவுக் கூட்டம் அது. அந்த வியாபாரம் முழுவதும் தனக்கே வேண்டும் என்று விரும்பிய டச்சுக் கம்பெனி, 1621ஆம் ஆண்டு தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும், அடிமைப்படுத்தியும், விரட்டியும் தோட்டங்களைக் கைப்பற்றியது. நாம் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் ஜாதிக்காய்க்குப் பின்னால் இப்படியொரு கணக்கு இருக்கிறது.

அத்தீவுகளில் ஒன்றான ரன் தீவுக்கு ஆங்கிலேயர் உரிமை கொண்டாடினர். 1667ஆம் ஆண்டு பிரேடா உடன்படிக்கையில் அந்த உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தனர். பதிலுக்கு டச்சுக்காரர், ஆங்கிலேயர் முன்பே பிடித்திருந்த மன்ஹாட்டன் தீவை அவர்களுக்கே விட்டுவிட்டனர். அதுதான் இன்றைய நியூயார்க். அது எதற்காக ஏற்பட்ட ஊர் தெரியுமா? பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலை வாங்குவதற்காக. இன்றும் நியூயார்க் நகர முத்திரையில் இரண்டு பீவர்கள் இருக்கின்றன.

அந்தத் தோல் வியாபாரத்துக்கும் விழா உண்டு. 1825 முதல் 1840 வரை அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் ஆண்டுக்கு ஒரு முறை பெருஞ்சந்தை கூடியது. மலையில் பொறி வைத்துப் பிடித்தவர்களும், அந்நாட்டுப் பழங்குடி மக்களும் தோல் கொண்டு வருவர். வியாபாரிகள் கம்பளி, வெடிமருந்து, புகையிலை, காப்பி, சர்க்கரை, சாராயம் ஆகியவற்றைக் கோவேறு கழுதைகளின் மீது ஏற்றி வருவர். இப்போது வயோமிங் மாநிலத்தில் பைன்டேல் என்ற சிற்றூரில் 1936 முதல் அந்தச் சந்தையை நாடகம் போல நடத்திக் காட்டுகின்றனர். கனடாவில் தண்டர் பே நகரில் வில்லியம் கோட்டையையே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பழைய உடையில், பழைய பண்டங்களுடன், தோலை எண்ணிக் கணக்கு எழுதும் குமாஸ்தா வரை வேடமேற்று நின்று வந்தவர்க்கு விளக்குகின்றனர்.

வேடிக்கையாக இருந்தாலும் அதில் வியாபாரிக்குப் பாடம் உண்டு. மலைச் சந்தையில் சரக்கு பல மடங்கு விலைக்கு விற்றது. ஆண்டு முழுவதும் பனியில் பாடுபட்டவர் பலர் சந்தை முடிந்ததும் கடனாளியாகத் திரும்பினர். சாராயமும் அம்மை நோயும் பழங்குடி மக்களைச் சீரழித்தன. ஐரோப்பாவில் பீவர் ரோமத் தொப்பி போய்ப் பட்டுத் தொப்பி நாகரிகமானதும் விலை விழுந்தது. அதற்குள் விலங்கும் அருகிவிட்டது. 1840க்குப் பின் சந்தை கூடவில்லை. கனடாவில் 1670ஆம் ஆண்டு தொடங்கி, பீவர் தோலையே நாணயம் போல் வைத்து வாணிபம் செய்த ஹட்சன் பே கம்பெனி, பிற்காலத்தில் பெரிய பெரிய பல்பொருள் அங்காடிகளை நடத்தியது. அதுவும் 2025ஆம் ஆண்டு தன் கடைகள் அனைத்தையும் மூடிவிட்டது. முந்நூற்று ஐம்பது ஆண்டுப் பெயரும் காப்பாற்றவில்லை.

நம் மண்ணின் கதை

நமக்கு இப்படி ஒரு கதை இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல், சங்க காலத்தில் ஓய்மா நாட்டின் ஊர். நல்லியக்கோடன் ஆண்ட அந்நாட்டைச் சிறுபாணாற்றுப்படை பாடுகிறது. அதில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். கிரேக்கர் எழுதிய பழைய கடல் வழிக் குறிப்பில் "சோபட்மா" எனப்படும் துறைமுகமும் அதுவே என்பர். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில் ரோமாபுரி மதுச்சாடிகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன.

மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகிறது. கடற்கரை உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கூட்டமாகச் சென்று நெல்லுக்கு மாற்றிய உமணர்களே நம் தொழிலின் முன்னோர். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் உதவும் என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வார்கள் என்று புறநானூற்றுப் பாடல் ஒன்று தெரிவிக்கிறது. முன்யோசனை உள்ள வியாபாரி அன்றே இருந்திருக்கிறான்.

கடல் கடந்தும் சென்றோம். சுமத்திராவில் பாரூஸ் என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் நம் வணிகர் சங்கம் எழுதி வைத்தது. கப்பலில் வருவோர் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது கூறுகிறது. சங்கச் சந்தா என்பது புதிய வழக்கமன்று! சீனத்தில் குவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது.

அவ்வளவு தூரம் போவானேன்? விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக இறங்கும் வேர்க்கடலையை நாம் மணிலா என்கிறோம். பேச்சில் மல்லாட்டை. அது பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரப் பெயர். தென் அமெரிக்கப் பயிர் கப்பல் ஏறி வந்த வழியை அந்தச் சொல்லே காட்டுகிறது. திரும்ப நம் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கண்ட ரகங்கள் "டி.எம்.வி." என்ற பெயரில் நாடெங்கும் சென்றன. அந்த எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும்.

நாம் செய்யத்தக்கது

ஆண்டுதோறும் மே 5ஆம் நாள் வணிகர் தினம் கொண்டாடுகிறோம். கடையடைத்து மாநாடு கூடுகிறோம். வரி, உரிமம், பெரிய அங்காடிகளின் போட்டி, இணைய வியாபாரம் பற்றித் தீர்மானம் போடுகிறோம். இவை அவசியமே. ஆனால் அன்று நம் தொழிலின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? படித்த மகன் கடையில் உட்கார வெட்கப்படுகிறான் என்று வருந்தாத வியாபாரி இல்லை. பொட்டலம் கட்டுவது மட்டுமே தொழில் என்று நாமே அவனுக்குக் காட்டிவிட்டு, பிறகு அவனைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆகவே ஒரு யோசனை. அடுத்த வணிகர் தினத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சங்கக் கட்டடத்தில் நாலு மேசை போடுவோம். பழைய படி, மரக்கால், வெள்ளிக்கோல், தராசு, பேரேடு ஆகியவை நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைத் துடைத்து வைப்போம். கிராம்பு, ஜாதிக்காய், வால்மிளகு, உப்பு, மணிலா எனப் பத்துச் சரக்கைத் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றும் எங்கே விளைந்தது, எவ்வழியே வந்தது என்று சீட்டு எழுதி வைப்போம். மூத்த வியாபாரிகள் நின்று விளக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளை அழைப்போம். பெரிய செலவு இல்லை.

ஒன்று மட்டும் கவனம் தேவை. வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைப்பது ஐந்தொகை ஆகாது. பண்டாத் தீவில் சிந்திய இரத்தத்தையும், மலைச் சந்தையின் சாராயக் கடனையும் சொல்வதுபோல், நம் பக்கத்தில் அளவில் தலைதட்டிக் கொடுத்ததையும், வட்டியில் குடியானவன் முடங்கியதையும் கூடச் சொல்ல வேண்டும். மரக்காலை மேசையில் வைத்தால் பார்க்க வரும் பெரியவர் எவராவது அதைக் கேட்கத்தான் கேட்பார். மழுப்பாமல் விடை சொன்னால் நம் சொல்லுக்கு மதிப்பு உண்டாகும். நாணயமே வணிகனின் முதல்.

அந்தச் சிறுமி மறுபடி வரும்போது சொல்ல விடை இப்போது கையில் இருக்கிறது. ஒவ்வொரு கடையிலும் அது இருக்க வேண்டும் என்பதே நம் அவா.