நாயோடு ஒரு தனி விடுமுறை: மோசெல் கரையின் திராட்சை மலைகள்

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரிலிருந்து ட்ரியர் நோக்கிச் செல்லும் ரயில், கோக்கெம் நிலையத்தை விட்டதும் மலைக்குள் நுழைகிறது. 1879இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கப்பாதையின் நீளம் 4.2 கிலோமீட்டர். அதன் இரு முனைகளுக்கும் இடையே மோசெல் ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வளைந்து ஓடுகிறது. வேலையாகப் போகிறவர்களுக்குச் சுரங்கம் போதும். ஓய்வுக்காக வருகிறவர்கள் கோக்கெமிலேயே இறங்கி, ஆற்றின் வளைவோடு நடக்கிறார்கள். குடும்பமாக, நண்பர்களாக வருகிறவர்களோடு ஒற்றை ஆளாக வருகிறவர்களும் உண்டு. முதுகில் ஒரு பை, கையில் ஒரு வார், வாரின் மறுமுனையில் நாய். சிலர் கையில் இரண்டு வார்கள் இருக்கும்.

தனியாக ஓய்வெடுக்கப் போவதும், நாயையும் கூட்டிப் போவதும் அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை. அதற்குச் சட்டம், ஊர் வழக்கம், நில அமைப்பு மூன்றும் துணை நிற்கின்றன.

முதலில் சட்டம். 1963இல் இயற்றப்பட்ட கூட்டாட்சி விடுப்புச் சட்டம், ஆறு நாள் வேலை வாரத்தைக் கணக்கில் கொண்டு, ஆண்டுக்குக் குறைந்தது 24 நாள் ஊதியத்தோடு கூடிய விடுப்பைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. நான்கு முழு வாரங்கள். விடுப்பைத் துண்டு துண்டாகப் பிரிக்க நேர்ந்தாலும், அதில் ஒரு பகுதி தொடர்ச்சியாக 12 வேலை நாட்களாவது இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். விடுப்பின் நோக்கத்துக்கு மாறாக அந்த நாட்களில் வேறு கூலி வேலைக்குப் போகவும் கூடாது. அதாவது விடுப்பு ஓய்வுக்கே உரியது. மாதக் கணக்கில் விடுப்பைச் சேர்த்துவைத்து, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் செலவழித்துத் தீர்க்கும் நம் ஊர் அலுவலர்கள் ஏக்கத்தோடு படிக்க வேண்டிய சட்டம் இது.

தனிமையும் அங்கே பழகிப்போன ஒன்று. ஜெர்மானியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தனியாகத்தான் வசிக்கிறார். அப்படி வாழ்ந்தவர்களில் உலகறிந்தவர் தத்துவஞானி ஆர்தர் ஷோப்பன்ஹவர். உபநிடதங்களை லத்தீன் மொழிபெயர்ப்பில் படித்துப் போற்றிய அவர், 1833 முதல் 1860இல் இறக்கும் வரை ஃபிராங்க்ஃபர்ட்டில் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தார். ஒன்று போய் ஒன்றாக அவர் வளர்த்த பூடில் நாய்களுக்கெல்லாம் ஒரே பெயர்: ஆத்மா. நாள்தோறும் நாயோடு நீண்ட நடை போவது அவருடைய மாறாத பழக்கம். தன் காலத்துக்குப் பிறகு நாயைப் பராமரிக்க உயிலிலேயே பணம் ஒதுக்கியிருந்தார்.

அடுத்து நில அமைப்பு. ஜெர்மனியில் 13 ஒயின் திராட்சைப் பிரதேசங்கள் உள்ளன. மொத்தப் பரப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேர். அந்த 13இல் ஆறு, முழுதாகவோ பெரும்பகுதியாகவோ ரைன்லாந்து-ஃபால்ஸ் என்ற ஒரே மாநிலத்தில் அமைந்துள்ளன. சமதளத்தில் நிதானமாக நடக்க விரும்புகிறவர்களுக்கு ஃபால்ஸ் பிரதேசத்தின் ஜெர்மன் ஒயின் சாலை ஏற்றது. 1935இல் தொடங்கப்பட்ட அந்தப் பாதை, பிரெஞ்சு எல்லையிலிருந்து வடக்கே 85 கிலோமீட்டர் ஊர் ஊராகப் போகிறது. ஆனால் அமைதியும் அழகும் ஒருசேர வேண்டுமென்றால் மோசெல்தான்.

மோசெல் பிரான்சின் வோஷ் மலைகளில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, கோப்லென்ஸில் ரைனோடு கலக்கிறது. ரோமானியர்கள் காலத்திலேயே இங்கே திராட்சை பயிரானது. ஆற்றின் இருபுறமும் செங்குத்தான மலைச்சரிவுகள். சரிவுகளில் பெரும்பாலும் சிலேட்டுப் பாறை. வடக்கே இவ்வளவு தூரத்தில், இவ்வளவு குளிர்ந்த நாட்டில் திராட்சை பழுப்பதற்கு அந்தக் கல் பெரும் துணை. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெப்பத்தை விடுகிறது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை இந்த மண்ணில் பேர் வாங்கியது. ப்ரெம் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள கால்மோன்ட் சரிவு, ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று சொல்லப்படுகிறது. சில இடங்களில் 65 பாகை வரை சாய்வு. டிராக்டர் ஏற முடியாத இத்தகைய இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சிறு வண்டியில்தான் கருவிகளும் பழக்கூடைகளும் போய்வருகின்றன. மற்ற வேலைகளில் பெரும்பாலானவை கையால்தான்.

இந்த உழைப்புக்கு ஏற்ற வருமானம் எல்லாக் காலத்திலும் கிடைத்துவிடவில்லை. ட்ரியரில் 1818இல் பிறந்த கார்ல் மார்க்ஸ், இளம் பத்திரிகையாளராக 1843 ஜனவரியில் எழுதிய கட்டுரைகள் மோசெல் திராட்சை விவசாயிகளின் வறுமையைப் பற்றியவை. பொருளாதாரத்தின் பக்கம் தன் கவனத்தைத் திருப்பியவற்றில் அதுவும் ஒன்று என்று மார்க்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றும் செங்குத்துச் சரிவுகள் பல கைவிடப்பட்டுப் புதர் மண்டிக் கிடக்கின்றன. 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த மோசெல் தோட்டப் பரப்பு, சில பத்தாண்டுகளில் 8,500 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆகவே ஒயின் விவசாயி தன் வீட்டு மாடியை விருந்தினருக்கு வாடகைக்கு விடுவது அவருக்கு வெறும் உபரி வருமானம் அல்ல. அங்கே தங்கும் ஒருவர் தரும் பணம் ஒரு மலைச்சரிவைப் பயிரோடு வைத்திருக்க உதவுகிறது.

நாயோடு தனியே வருகிறவருக்கு ஹோட்டலைவிட இந்தப் பண்ணை வீடுகளே பொருத்தம். காரணம் எளியது. ஜெர்மனியில் பல உணவகங்கள் நாயை உள்ளே விடுகின்றன. கேட்காமலே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பவர்களும் உண்டு. ஆனால் மளிகைக் கடைக்குள்ளும் ரொட்டிக் கடைக்குள்ளும் நாய்க்கு அனுமதி இல்லை. இருவர் போனால் ஒருவர் வெளியே வாரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். தனியாள் என்ன செய்வார்? சமையலறையும் வேலி போட்ட முற்றமும் உள்ள விடுமுறைக் குடியிருப்பு இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போதே எத்தனை நாய், என்ன அளவு என்று சொல்லிவிட வேண்டும். நாய்க்குத் தனிக் கட்டணமும், கடைசி நாள் துப்புரவுக்கு ஒரு தொகையும் கேட்பது வழக்கம்.

நடப்பதற்குப் பாதை தேடி அலைய வேண்டியதில்லை. 2014இல் திறக்கப்பட்ட மோசெல்ஸ்டைக் என்ற நெடும்பாதை பெர்லில் தொடங்கி 365 கிலோமீட்டர், 24 கட்டங்களாகக் கோப்லென்ஸ் வரை நீள்கிறது. பெர்லுக்கு எதிர்க்கரையில் இருக்கும் லக்சம்பர்க் கிராமத்தின் பெயர் ஷெங்கன். ஐரோப்பாவுக்கு விசா எடுத்த ஒவ்வொருவரும் உச்சரித்த பெயர். 1985இல் அங்கே ஆற்றில் நின்ற கப்பலில்தான் எல்லைச் சோதனைகளை நீக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலத்தைக் கடந்து அக்கரை போய்வருவது எளிது. ஆனால் நாய்க்கும் கடவுச்சீட்டு வேண்டும். நுண்சில்லு எண்ணும் வெறிநோய்த் தடுப்பூசிப் பதிவும் அடங்கிய அந்த நீலப் புத்தகத்தைக் கால்நடை மருத்துவரே வழங்குகிறார்.

முழுப் பாதையையும் நடந்துதான் தீர வேண்டும் என்று நினைப்பவருக்கு ஓய்வு கிடைக்காது. ஒரே ஊரில் தங்கி, காலையில் ஒரு பகுதி நடந்துவிட்டு மதியம் திரும்பி, நாயும் ஆளும் தூங்குவதுதான் இந்த விடுமுறையின் சாரம். நாய் ஒரு நல்ல கால அட்டவணை. அது விடியற்காலையில் எழுப்பிவிடும். ஒரு நாளில் மூன்று அருங்காட்சியகம் பார்க்கும் திட்டத்துக்கு ஒத்துழைக்காது. வேற்றூரில் முன்பின் தெரியாதவர்களை நின்று பேச வைக்கும். தனியாக வந்தவருக்குத் தனிமையும் கிடைக்கிறது, நாலு வார்த்தைப் பேச்சும் கிடைக்கிறது.

அந்தப் பேச்சு நடக்கும் இடம் பெரும்பாலும் ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட். ஒயின் விவசாயி தன் முற்றத்திலோ கொட்டகையிலோ நடத்தும் பருவகாலக் கடை இது. வாசலில் தழைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். ஆண்டுக்கு நான்கு மாதத்துக்கு மேல் திறக்கக் கூடாது. 40 இருக்கைக்கு மேல் போடக் கூடாது. தன் தோட்டத்து ஒயினையே ஊற்ற வேண்டும். எளிய உணவு மட்டுமே பரிமாற வேண்டும் என்பவை விதிகள். மது அருந்தாதவர்களுக்குத் திராட்சைச் சாறும், அதில் சோடா கலந்த பானமும் கிடைக்கும். நீண்ட பலகை மேசைகளில் முன்பின் அறியாதவர்கள் அருகருகே உட்கார்வார்கள். நாய்கள் மேசைக்கடியில் படுத்துவிடும்.

இவ்வளவு இதமான இடத்தில் நாய்க்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அது திராட்சையேதான். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. சில நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலவற்றுக்கோ சிறிதளவே உயிர்போகக் காரணமாகிவிடுகிறது. எவ்வளவு தின்றால் பாதுகாப்பு என்று ஒரு வரம்பு கிடையாது. காரணம் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பழத்தில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் 2021இல் முன்வைத்தார்கள். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, பிறகு சோர்வு, ஓரிரு நாளில் சிறுநீர் குறைதல் என்று நிலைமை மோசமாகும். அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓடுவதே சரி. அறுவடைக்குப் பிறகும் கவனம் வேண்டும். சாறு பிழிந்த சக்கையைத் தோட்டத்துக்கே உரமாகக் கொட்டுவார்கள். அதன் வாசனை நாயை இழுக்கும்.

வேறு சிலவும் உண்டு. கோடையில் செங்குத்துச் சரிவுகளுக்கு ஹெலிகாப்டரிலிருந்து பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். பழம் தின்ன வரும் பறவைகளை விரட்டப் போடும் வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய் கையை உதறிக்கொண்டு ஓடிவிடும். கால்மோன்ட் சரிவில் இரும்பு ஏணியும் கம்பிவடமும் பிடித்து ஏறும் பாதை நாய்க்கு உகந்ததல்ல. மலை விளிம்பை ஒட்டிய மேல்பாதையே போதும். ஜூலை வெயிலில் சிலேட்டுக் கல் பாதத்தைச் சுடும். அண்மை ஆண்டுகளின் கடுங்கோடைகளில் மோசெல் நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகியதால், நாய்களை ஆற்றில் இறக்க வேண்டாம் என்று எச்சரிக்கைகள் வந்தன. அதன் நச்சும் நாயைக் கொல்லக்கூடியது. உண்ணிகள் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை எங்கும் உண்டு. இவை எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தால் ஏற்ற மாதம் மே. வெயில் இதமாக இருக்கும், கொடியில் பழம் இருக்காது.

நாயை வாரிலேயே வைத்திருப்பது இன்னோர் உயிருக்கும் நல்லது. கீழ் மோசெலின் பாறைச் சரிவுகளில் மட்டுமே வாழும் மோசெல் அப்பல்லோ என்ற அரிய வண்ணத்துப்பூச்சி, அந்தச் சரிவுகளை நம்பித்தான் பிழைக்கிறது.

நாய்க்கு இவ்வளவு இடம் கொடுக்கும் நாடு, அதை வளர்ப்பவரிடம் கடமையையும் கறாராக வாங்கிவிடுகிறது. நாய் வரியை ஏறக்குறைய ஒவ்வொரு ஊராட்சியும் வசூலிக்கிறது. பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. பல மாநிலங்களில் நாய் விளைவிக்கும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். நீடர்சாக்சன் மாநிலத்தில் நாய் வளர்க்கத் தகுதித் தேர்வே உண்டு. ரயிலில் கூண்டுக்குள் அடங்கும் சிறு நாய்க்குக் கட்டணமில்லை. பெரிய நாய்க்குச் சீட்டும் வாரும் வாய்ப்பூட்டும் வேண்டும். மறுபக்கம், 2002இல் விலங்குப் பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றது. பழக்கப்படுத்திய நாயும் பொறுப்பேற்கும் மனிதரும் இருப்பதால்தான் உணவகக் கதவு திறக்கிறது.

இந்தியாவிலிருந்து இரண்டு வார விடுமுறைக்கு நாயைக் கொண்டுபோக நினைப்பது வீண். நுண்சில்லு, தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாள் கழித்து எடுக்கும் இரத்தத்தில் போதிய எதிர்ப்புச் சக்தி உள்ளதென அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகச் சான்று, அதற்குப் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு என்று குறைந்தது நான்கு மாதம் பிடிக்கும். வேலைக்காகக் குடிபெயர்கிறவர்கள் மட்டும் இந்தச் சிரமத்தை ஏற்கலாம்.

மற்றவர்கள் தேனி மாவட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கிலேயே, தன் பெயரில் ஒரு நாய் இனத்தைக் கொண்ட கோம்பையும் இருக்கிறது. தோட்டத்து வீட்டில் இரண்டு அறை, தனியாக வரும் ஆணையோ பெண்ணையோ கேள்வி கேட்காத வரவேற்பு, வேலி போட்ட முற்றம், நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் ஆகியவை இருந்தால் போதும். இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கம்பத்துத் திராட்சை விவசாயிகளும் சுற்றுலாத் துறையும் ஒரு பருவத்துக்காவது இதை முயன்று பார்க்க வேண்டும்.