72 மணி நேரத்துக்குள் ஒரு முழுப் பார்வை

இங்கிலாந்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 72 மணி நேரத்துக்குள் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முழுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. கண், இதயம், இடுப்பு மூட்டு, ஆண் குழந்தையானால் விதைகள் ஆகியவற்றைக் குறிப்பாகப் பார்ப்பார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் குடும்ப மருத்துவர் இதையே மறுபடி பார்ப்பார்.

முதல் பரிசோதனை நெடுங்காலம் குழந்தைகள் பிரிவு இளம் டாக்டர்களின் வேலையாக இருந்தது. மருத்துவச்சி ஒருவர் அதைச் செய்ய விரும்பினால், பெரும்பாலும் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு தனிப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. 2019இல் பிரிட்டனின் செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சில் புதிய தகுதித் தரங்களை வெளியிட்டது. இப்போது மூன்றாண்டுப் படிப்பை முடித்து வெளியே வரும்போதே மாணவிக்கு இந்தப் பரிசோதனை கைவந்திருக்க வேண்டும்.

மாணவி முதலில் கற்பது, கையை வைக்காமல் பார்ப்பது. குழந்தை தூங்கினால் நல்லது. மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது, நிறம் எப்படி, கைகால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அசைகிறதா என்றெல்லாம் கவனித்துவிட்டு, அழத் தொடங்கும் முன்பே ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிடுவாள். அழுகிற குழந்தையின் நெஞ்சில் அழுகைதான் கேட்கும். அடுத்து தொடை இடுக்கில் விரல் நுனியை மெல்ல வைத்து நாடி தேடுவாள். இரண்டு பக்கமும் அது மெலிந்திருந்தால் பெருந்தமனி எங்கோ குறுகியிருக்கலாம். கொஞ்சம் அழுத்திவிட்டாலும் உள்ள நாடியும் விரலுக்குக் கிடைக்காது. உச்சிக்குழி, முதுகுத்தண்டு எல்லாம் வரிசையில் உண்டு. அண்ணத்தை விரலால் தடவிப் பார்த்தால் போதாது. நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பின்பக்க மெல்லண்ணத்தில் உள்ள பிளவு விரலுக்குத் தப்பிவிடும்.

இடுப்பைக் கடைசிக்கு வைப்பார்கள், ஏனென்றால் அதில் குழந்தை பெரும்பாலும் அழும். ஒவ்வொரு பக்கமாக, முழங்காலை மடக்கிப் பிடித்து, தொடையெலும்பின் தலை மூட்டுக் கிண்ணத்தைவிட்டு நழுவுகிறதா, நழுவியது திரும்ப உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே போகும்போது ஏற்படும் அந்தச் சின்ன இடறல் காதுக்குக் கேட்பதைவிடக் கைக்குத்தான் தெரியும். அதனால் மாணவிகள் இதைப் பொம்மையில் பலமுறை பழகிவிட்டுத்தான் குழந்தையிடம் வருகிறார்கள். ஒரே குழந்தையின் இடுப்பை நாலு மாணவிகள் மாற்றி மாற்றி அசைத்துப் பார்ப்பது கூடாது.

நம்மவர்களுக்கு முக்கியமான ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. பாடப்புத்தகங்கள் நீண்ட காலம் வெள்ளைத் தோலை வைத்தே எழுதப்பட்டன. கண்ணில் ஒளி அடித்தால் சிவப்பாகத் திரும்பி வர வேண்டும் என்று படித்த மாணவி, கருவிழி அடர்ந்த குழந்தையிடம் அது வெளிறிய ஆரஞ்சாகத் தெரிவதைக் கண்டு குழம்புவாள். மாநிறக் குழந்தையின் மஞ்சள் காமாலையைத் தோலில் தேடினால் தவறிவிடும். நல்ல வெளிச்சத்தில் வெண்விழியையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டுகளை அன்றே குறித்து வைக்காவிட்டால், பின்னால் யாராவது அவற்றை அடிபட்ட காயம் என்று சந்தேகிக்க இடமுண்டு. நிறத்தை வைத்துச் சொல்லும் இந்த அளவுகோல்களைத் திருத்த வேண்டும் என்று 2023இல் இங்கிலாந்தின் இன, உடல்நல ஆய்வு மையத்தின் அறிக்கையும் கேட்டது. தாமதமாக வந்த நியாயம்.

இவ்வளவும் கைத்திறன். ஆனால் கை சொல்வது பாதிதான். 36 வாரத்திலோ அதற்குப் பிறகோ குழந்தை தலை திரும்பாமல் இருந்திருந்தால், பிறகு திரும்பித் தலை வழியாகவே பிறந்திருந்தாலும், இடுப்பு சரியாகத் தெரிந்தாலும், ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ சிறுவயதில் இடுப்புக் கோளாறு இருந்தாலும் அப்படியே. இதெல்லாம் குழந்தையின் உடம்பில் எழுதியிருக்காது. அந்தத் தாயைக் கர்ப்ப காலத்திலிருந்தே பார்த்துவந்தவருக்கு நினைவில் இருக்கும்.

இதனால்தான் புதிய தரங்கள் தொடர் பராமரிப்பையும் பயிற்சியில் சேர்த்திருக்கின்றன. கர்ப்பம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய நாள்கள் என்று ஒரே மருத்துவச்சி தொடர்ந்து பார்ப்பது அது. மாணவி மேற்பார்வையில் சில பெண்களை இப்படிப் பின்தொடர்கிறாள். நடுராத்திரி வலி எடுத்தாலும் போன் வரும்.

நடைமுறை அவ்வளவு சுலபமில்லை. 2016இல் வெளியான தேசியப் பேறுகால ஆய்வறிக்கை எல்லாப் பெண்களுக்கும் இந்த முறை வர வேண்டும் என்றது. பேறுகாலச் சேவையின் குறைகளை விசாரித்து 2022 மார்ச்சில் வந்த ஆக்கெண்டன் அறிக்கையோ, போதிய ஆள் இல்லாத இடங்களில் அதை நிறுத்தி வையுங்கள் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தேசியச் சுகாதார சேவை இந்த முறைக்கான இலக்குத் தேதியைக் கைவிட்டது. ஆக, கல்லூரி கற்கச் சொல்வதை வார்டில் பார்க்கவே முடியாத மாணவிகள் இருக்கிறார்கள். ஆள் சேர்க்காமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

பிரிட்டனில் குழந்தை பெறப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவி பார்ப்பதானால் உங்களிடம் அனுமதி கேட்பார்கள்; மறுக்கவும் உரிமை உண்டு, பொறுப்பு பதிவுபெற்ற மேற்பார்வையாளருடையது. முடிந்தால் அனுமதியுங்கள். தலை திரும்பாமல் இருந்தது, குடும்பத்தில் பிறவிக் கண்புரையோ இதயக் கோளாறோ இடுப்புக் கோளாறோ இருந்தது, எதுவானாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: கருவில் ரத்தத்தைத் திருப்பிவிட்ட சிறு குழாய் ஒன்று பிறந்து சில நாள்களில்தான் மூடும், சில இதயக் கோளாறுகள் அதன் பிறகே வெளிப்படும். எல்லாம் சரி என்று எழுதித் தந்த பிறகும், குழந்தை பால் குடிக்கத் திணறினால், மூச்சு வாங்கினால், நாக்கு நீலம் பாய்ந்தால், ஆறாவது வாரம் வரை காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.