ஒன்பது பேர் சொன்ன தீர்ப்பு

எட்டாம் வகுப்பில் நீதித்துறை பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், இங்கிலீஷ் படத்துல பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசி முடிவு சொல்றாங்க. நம்ம கோர்ட்ல ஏன் ஜட்ஜ் மட்டும் சொல்றாரு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நம் ஊரிலும் ஜூரி முறை இருந்தது என்றேன். வகுப்பு நம்பவில்லை.

சென்னையில் ஜூரி

வழக்கறிஞர்களாகவோ நீதிபதிகளாகவோ இல்லாத குடிமக்கள் சிலர் சாட்சியங்களைக் கேட்டு, 'குற்றவாளி' அல்லது 'குற்றவாளி அல்ல' என்று முடிவு சொல்வதே ஜூரி முறை. சட்டத்தை விளக்குவதும் தண்டனை விதிப்பதும் நீதிபதியின் வேலை. 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில், அடிமைப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட அசென்ஷியா டாஸ் என்பவரை ஜூரி விடுவித்தது. இந்தியாவின் முதல் ஜூரி விசாரணையாக இதைக் குறிப்பிடுவார்கள்.

தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் கலைவாணரும் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கைதாயினர். 1945இல் சென்னை உயர் நீதிமன்ற ஜூரியின் ஒன்பது பேரில் ஆறு பேர் 'குற்றவாளிகள்' என்றனர். இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு தள்ளுபடியானது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற பிறகே வழக்கு மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. பாகவதரின் திரை வாழ்க்கை பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

நிறைகள்

அரசே வழக்குத் தொடுக்கும்போது, அரசின் சம்பளம் பெறாதவர்கள் முடிவெடுப்பது ஒரு பாதுகாப்பு. ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் கவனிப்பார். சட்டப் புத்தகத்தில் இல்லாத வாழ்க்கை அனுபவம் நீதிமன்றத்துக்குள் வரும். நீதி வழங்குவது தங்கள் பொறுப்பும்கூட என்று குடிமக்கள் உணர்வார்கள்.

குறைகள்

ஜூரியில் யார் இடம்பெறுகிறார்கள் என்பதே முடிவை மாற்றிவிடும். 1908இல் பம்பாயில் திலகர் மீதான தேசத்துரோக வழக்கில் ஜூரியில் 7 ஐரோப்பியர், 2 பார்சியர். முடிவும் 7க்கு 2 என்றே வந்தது. பத்திரிகைச் செய்தியும் ஊர்ப் பேச்சும் ஜூரியை எளிதில் பாதிக்கும். 1959இல் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் பொதுமக்களின் அனுதாபம் அவர் பக்கம் இருந்தது. ஜூரி 8க்கு 1 என்று 'குற்றவாளி அல்ல' என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டித்தது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இவற்றைவிடப் பெரிய குறை, ஜூரி காரணம் சொல்வதில்லை. நீதிபதி காரணங்களை எழுதியாக வேண்டும். தவறு இருந்தால் மேல் நீதிமன்றம் சுட்டிக்காட்ட முடியும். எழுதப்படாத காரணத்தை யார் சரிபார்ப்பது?

ஜூரி முறையை நீக்கலாம் என்று சட்ட ஆணையம் 1958இல் பரிந்துரைத்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் தரப்படவில்லை. பார்சி திருமண வழக்குகளில் மட்டும் அதன் சாயல் இன்றும் உண்டு.

வகுப்பறையில்

நூலகப் புத்தகத்தைக் கிழித்தது யார் என்று ஒரு கற்பனை வழக்கை உருவாக்குங்கள். நான்கு சாட்சிகள், ஒன்பது ஜூரிகள். முதல் சுற்றில் வெறும் வாக்கு. இரண்டாம் சுற்றில், ஒவ்வொருவரும் எந்தச் சாட்சியத்தால் அந்த முடிவுக்கு வந்தார் என்று இரண்டு வரி எழுதிவிட்டு வாக்களிக்க வேண்டும்.

என் வகுப்பில் முதல் சுற்று 7க்கு 2 'குற்றவாளி'. இரண்டாம் சுற்றில் அது 4க்கு 5 ஆனது. "அவன் எப்பவுமே அப்படித்தான்" என்று எழுதிய ஒரு மாணவி, சற்று யோசித்து அதை அடித்துவிட்டாள். "இது சாட்சி இல்லையே டீச்சர்" என்றாள்.

சில ஆண்டுகளுக்கு முன், காணாமல் போன ஒரு ஜாமெட்ரி பாக்ஸுக்காக நான் வகுப்பையே கை தூக்கச் சொன்னேன். எல்லாக் கைகளும் ஒரே பையனைக் காட்டின. மறுநாள் அந்தப் பெட்டி, தொலைத்தவனின் வீட்டிலேயே கிடைத்தது. அந்த ஒரு நாள் முழுதும் அந்தப் பையன் திருடனாக இருந்தான். இப்போது என் வகுப்பில் யாரையும் குறை சொல்லும் முன் காரணத்தை எழுத வேண்டும். அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான்.