மூன்றாவது சமையல்

காலை ஏழரை மணி. என் தங்கை வீட்டில் இரண்டு பர்னரும் எரிகின்றன. ஒன்றில் பெரியவர்களுக்கு இட்லி. இன்னொன்றில் மூன்று வயது மகனுக்கு நூடுல்ஸ், ஏனென்றால் இட்லி அவனுக்குப் பிடிக்காமல் போய் இரண்டு நாள் ஆகிறது. அதையும் நாலு வாய் வாங்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறான். "இவன் ஒண்ணுமே சாப்பிடறதில்லைண்ணா" என்கிறாள் தங்கை, கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு. எட்டு மணிக்கு அவளுக்குப் பேருந்து. "ஒரு முட்டை தோசை ஊத்தட்டுமா கண்ணு?" என்று பேரனைக் கேட்டபடி மாமியார் எழுந்திருக்கிறார். மூன்றாவது சமையல் தொடங்குகிறது. மாப்பிள்ளை பேப்பர் படிக்கிறார்.

நேரம் போவது இந்த மூன்றாவது சமையலில்தான். அது இல்லாமலே பிள்ளைகள் வளர்வார்கள் என்பதை வேலைக்குப் போகும் அம்மாக்களிடம் யாராவது ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். ஆதாரம் இருக்கிறது.

1991இல் லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2 முதல் 5 வயது வரையுள்ள 15 குழந்தைகள் ஆறு முழு நாட்களில் சாப்பிட்டதை எல்லாம் அளந்து பார்த்தார்கள். வேளைக்கு வேளை பார்த்தால் ஒரே குழப்பம்: ஒரு குழந்தை ஒரு வேளையில் எடுத்துக்கொண்ட கலோரி அளவு சராசரியாக 34 சதவீதம் ஏறி இறங்கியது. நாள் மொத்தத்தைக் கூட்டியபோது ஏற்ற இறக்கம் 10 சதவீதத்தில் அடங்கிவிட்டது. காலையில் கொறித்தவன் மத்தியானம் ஈடுகட்டுகிறான். மத்தியானம் வயிறு முட்டத் தின்றவன் ராத்திரி தட்டைத் தள்ளுகிறான். நாமோ காலைத் தட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறோம்.

இதைவிடப் பழைய சோதனை ஒன்று உண்டு. இன்று யாரும் செய்யத் துணியமாட்டார்கள். 1920களிலும் 30களிலும் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், பால்குடி மறந்த 15 குழந்தைகளை மருத்துவமனையிலேயே வளர்த்து, அவர்கள் முன் சமைத்த காய்கறி, பழம், தானியம், இறைச்சி, பால் என்று கிண்ணங்களை வைத்தார். மொத்தப் பட்டியலில் இருந்தவை 34 உணவுகள். தாதிகள் ஊட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது. குழந்தை கைநீட்டிக் காட்டினால் மட்டும் ஒரு கரண்டி. ஒவ்வொரு குழந்தையும் தன்னிஷ்டத்துக்குத் தின்றது. இரண்டு குழந்தைகளின் பட்டியல் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் எல்லாரும் நன்றாகவே வளர்ந்தார்கள். எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்திருந்த மீன் எண்ணெயைத் தானாகவே விரும்பிக் குடித்ததாம்.

குழந்தைக்கு எல்லாம் தெரியும், விட்டுவிடுங்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். டேவிஸே ஒரு சூட்சுமத்தை ஒப்புக்கொண்டார்: 34 கிண்ணங்களில் எதிலும் சர்க்கரைப் பண்டம் கிடையாது, எதை எடுத்தாலும் நல்ல சாப்பாடுதான். என்ன சாப்பாடு என்பது பெரியவர் பொறுப்பு, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. நூடுல்ஸ் வரும் என்று தெரிந்த பிள்ளை இட்லியைத் தொடாது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் தொடமாட்டேன்.

சரி, பீட்ரூட்டைத் துப்புகிறானே? இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது இயல்பு. தானாக நடந்து எதையும் எடுத்து வாயில் போடக்கூடிய வயதில், தெரியாததை மறுப்பது உயிர்காக்கும் எச்சரிக்கையாக உருவாகியிருக்கலாம் என்கிறார்கள். 1982இல் இதே பர்ச், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். அதிகம் ருசித்த உணவே அதிகம் பிடித்துப்போனது. பிடித்துப்போகப் பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். தட்டில் பார்ப்பது மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். அரை ஸ்பூன் போதும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பீட்ரூட் ஆகாது" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம்.

ஒரே சமையல் என்றால் காரத்துக்கு என்ன செய்வது? காரம் ஒரு சுவை இல்லை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுவதால் வரும் எரிச்சல் அது. கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. குழந்தை அலறும்போது தண்ணீரைவிட ஒரு வாய் தயிர் கைகொடுக்கும். ஆகவே மிளகாயைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சௌசௌ, பாசிப்பருப்பு, மஞ்சள்தூள் போட்டுக் குக்கரில் வேகவைத்துத் திறந்ததும், ஒரு கரண்டி எடுத்துச் சோற்றோடு மசித்து நெய் விட்டால் பிள்ளைக்கு ஆயிற்று. மீதியில் தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்த விழுதைக் கலந்து உப்புப் போட்டுத் தாளித்தால் பெரியவர்களுக்குக் கூட்டு. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு உப்பே சேர்க்க வேண்டியதில்லை. உப்புப் போடும் முன்பே எடுத்துவிடுவதால் அதுவும் சரியாக அமைந்துவிடுகிறது.

நேரத்தை மிச்சம் பிடிப்பதில், இட்லி மாவு விஷயத்தில் நம் வீடுகள் ஏற்கெனவே கெட்டிக்காரத்தனம் பண்ணியிருக்கின்றன. சனிக்கிழமை இரவு அரைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். வேலையைப் பாக்டீரியா பார்க்கிறது. 1965இல் அமெரிக்காவில் இட்லி மாவை ஆராய்ந்தவர்கள், அதைப் பொங்க வைப்பது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற நுண்ணுயிர் என்று கண்டார்கள். அது உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வருகிறது, உறை ஊற்ற வேண்டியதில்லை. அது வெளிவிடும் கரியமில வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைக்கிறது. கூடவே புளிப்பு ஏறுகிறது. சத்திலும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுகின்றன: அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் உளுந்தில் நிறைய, உளுந்தில் குறைவான மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் உண்டு. பிரிட்ஜில் வைத்தால் நுண்ணுயிர் சோம்பிப்போகும், நிற்காது. அதனால் முதல் நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் போட்டுக் குழிப்பணியாரம் என்று ஒரே அரைப்பில் நாலு நாள் ஓடுகிறது. அரைக்க முடியாத வாரம் கடை மாவு வாங்குங்கள். குற்றமே இல்லை.

மொத்தமாகச் சமைத்து வைப்பதில் ஒரே ஒரு பயம், சோறு. அரிசியில் ஒட்டி வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோற்றை மணிக்கணக்கில் அப்படியே மேடையில் வைத்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அதில் ஒரு வகை, மறுபடி சுட வைத்தாலும் போகாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு ஆறாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, சின்ன டப்பாக்களில் போடுங்கள்.

பிள்ளை சாப்பிடுகிறானா என்ற கவலை இன்னும் விடவில்லை என்றால், தாய்-சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் எடைக்கான வளர்ச்சிக் கோடு இருக்கும். அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறித்துத் தருவார்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால் இரண்டாவது பர்னரை அணைத்துவிடலாம். கோடு படுத்துவிட்டாலோ, இறங்கினாலோ, நாலைந்து பண்டங்களைத் தவிர எதையுமே வாயில் வைக்காமல் மாதக்கணக்கில் மறுத்தாலோ, நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.