கிரேன் கூண்டில் இரு கண்கள்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் சரக்குக் கப்பல் வந்து கட்டியதும் கேன்ட்ரி கிரேனுக்கு வேலை வந்துவிடும். உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள் ஓட்டுநர் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். இரும்பு வடத்தில் தொங்கும் 'ஸ்பிரெடர்' என்ற சட்டத்தை கன்டெய்னரின் நான்கு மூலைத் துளைகளிலும் பிசகாமல் பொருத்த வேண்டும். வடத்தில் 25 மீட்டர் கீழே தொங்கும் சுமை, ஊசல்போல் ஒருமுறை ஆடித் திரும்ப ஏறத்தாழ 10 விநாடி ஆகும். போதாக்குறைக்குக் கடற்காற்று, கீழே நகரும் டிரெய்லர், காதில் வாக்கிடாக்கி.

கை அசைவது கொஞ்சம். கண் அலைவதுதான் அதிகம்.

கண் சீராக நகர்ந்து பார்ப்பதில்லை, நொடிக்குச் சுமார் மூன்று முறை தாவுகிறது. கூர்மையாகத் தெரியும் இடம், நீட்டிய கையின் கட்டைவிரல் நகமளவுதான். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். தாவும் கணத்தில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது.

எங்கே தாவுவது என்பதை வேலை தீர்மானிக்கிறது. ஆட்டம் நின்றதா, மூலை பொருந்துமா, கீழே ஆள் விலகினாரா? ஒவ்வொன்றும் வேறு கேள்வி. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் சட்டென மாறும் திறனே மன நெகிழ்வு. அது இலவசமல்ல. இரு வகைக் கணக்குகளை மாற்றிமாற்றிப் போட்டால் நேரம் கூடுவதை 1927-இலேயே உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் காட்டினார். மனதில் பெருக்கல் போடும்போது கண்மணி விரிவதை 1964-இல் ஆய்வாளர்கள் ஹெஸ்ஸும் போல்ட்டும் அளந்தார்கள். இந்த மனச்சுமை மிஞ்சினால் பார்வை ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் நடப்பது தப்பிவிடும்.

தேர்ந்த கண் கைக்கு முன்னே போகிறது. டீ போடுபவர்களின் கண்ணசைவை 1999-இல் ஆய்வாளர் மைக்கேல் லேண்ட் குழுவினர் பதிவு செய்தபோது, கை தொடுவதற்கு அரை விநாடி முன்பே பார்வை அந்தப் பாத்திரத்துக்குப் போயிருந்தது. அடுத்ததைப் பார்க்க, பார்த்ததை விட வேண்டும்.

துறைமுகச் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே பைக் ஓட்டுபவருக்கும் இதே கணக்குதான். கண் சாலையில் இருக்கும். மனம் போன் பேச்சில் இருந்தால் பார்வை உறைந்துவிடும். வண்டி ஓட்டுகிறவரை போனில் அழைக்காதீர்கள். அவர் எடுத்தாலும், உடனே வைத்துவிடுங்கள்.