எலும்பே நலமா? – 9: குனியச் சொல்லும் பயிற்சிகள்

நைட்டியின் முன்பக்கம் தரையில் புரள, பின்பக்கம் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறதா? தைத்த டெய்லரைத் திட்ட வேண்டாம். பெங்களூர் ஜீவனஹள்ளியிலும் பக்கத்துக் காக்ஸ் டவுனிலும் காலையில் வாசல் தெளிக்கும் அறுபது தாண்டிய அம்மாக்களில் இப்படிச் சிலரைப் பார்க்கலாம். மேல் தட்டு டப்பா இப்போதெல்லாம் எட்டுவதில்லை என்பார்கள். கேட்டால், “வயசாச்சுல்ல, கூன் விழுந்துடுச்சு” என்று முடித்துவிடுவார்கள்.

அந்தக் கூனுக்குள் பல சமயம் முறிந்த முள்ளெலும்பு ஒளிந்திருக்கும். முறிவு என்றால் விழுந்து அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே சல்லடையாகிப்போன எலும்பின் முன்பக்கம் குனியும்போது விழும் பாரத்தில் நசுங்கிவிடும். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர் கவனத்துக்கே வருவதில்லை. வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தே நாள் ஓடிவிடுகிறது.

ராகி, பால், வெயில் எல்லாம் முந்தைய வாரங்களில் பார்த்தாயிற்று. இந்த வாரம் உடற்பயிற்சி. “தினமும் வாக்கிங் போறேனே, போதாதா?” என்பதுதான் முதல் கேள்வி. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடவேண்டாம். ஆனால் முதுகைத் தாங்கும் தசைக்கு அதில் பெரிய வேலை இல்லை.

எந்தப் பயிற்சி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மெஹர்ஷீத் சினாகியும் மிக்கெல்சனும் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்று, முதுகெலும்பு தேய்ந்திருந்த 59 பெண்கள். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிய முறிவு. முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். இரண்டையும் கலந்து செய்தவர்களில் 53. ஒன்றுமே செய்யாதவர்களில் 67. குனிந்து செய்த குழுவில் இருந்தது ஒன்பதே பேர், சும்மா இருந்தவர்கள் ஆறு பேர். இவ்வளவு சின்னக் கணக்கை வைத்துச் சட்டம் போட முடியாதுதான். ஆனாலும் சும்மா இருந்தவர்களைவிடக் குனிந்து பயிற்சி செய்தவர்களுக்கு அதிகம் முறிந்தது என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நம் ஊரில் இதைச் சொன்னால் கோபம் வரும். பார்க்கில் கூட்டமாகச் செய்யும் பச்சிமோத்தானாசனம், பாதஹஸ்தாசனம், சூரிய நமஸ்காரத்தில் குனியும் நிலைகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். யோகா கெட்டது என்று யார் சொன்னது? எலும்பு தேய்ந்தவருக்கு இந்த ஆசனங்கள் வேண்டாம், அவ்வளவுதான். முன்குனியும் ஆசனங்களால் முள்ளெலும்பு நசுங்கிய பெண்களைப் பற்றிப் பின்னாளில் சினாகியே எழுதியிருக்கிறார். சொல்லித்தருபவரிடம் “எனக்கு எலும்புத் தேய்மானம் இருக்கு, முன்னால குனியிறதை விட்டுடறேன் மாஸ்டர்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்ய எளிதானது: கை வைக்காத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்து, மூச்சை இழுத்தபடி முழங்கைகளைப் பின்னுக்குத் தள்ளுங்கள். தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். கழுத்தை முன்னால் இழுக்காதீர்கள். பழகியபின், வயிற்றின் கீழ் தலையணை வைத்துக் குப்புறப் படுத்து, நெஞ்சை மட்டும் கொஞ்சம் உயர்த்தலாம். ஏற்கனவே முறிவு இருப்பவர்கள் பிசியோதெரபிஸ்ட் பார்க்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

காலையில் அரை மணி நேரம் நிமிர்ந்துவிட்டு, பகலெல்லாம் குனிந்தால்? பெங்களூரில் பெரிய வில்லன் 20 லிட்டர் தண்ணீர் கேன். வளைந்து, தூக்கி, திரும்பிக் கவிழ்க்கிற அந்த ஒரு நொடியில் முதுகெலும்புக்கு வேண்டாத மூன்றையும் செய்துவிடுகிறோம். கேனைத் தரையிலேயே வைத்து மேலே பம்ப் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. வாசல் பெருக்க நீளக் கைப்பிடித் துடைப்பம். கோலத்துக்குத் தாழ்வான முக்காலி. கீழே கிடப்பதை எடுக்க, முதுகை நேராக வைத்து இடுப்பிலும் முழங்காலிலும் மடங்க வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கவில்லையென்றால் பேரனைக் கூப்பிடுங்கள், அவனும் கொஞ்சம் குனியட்டுமே.

கனமான எடையே கூடாதா என்றால், அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2018இல் வெளியான ஆய்வொன்றில், எலும்படர்த்தி குறைந்த பெண்கள் எட்டு மாதம், வாரம் இரு முறை, கனமான எடை தூக்கினார்கள். இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. ஆனால் ஒவ்வொரு தூக்கலையும் பக்கத்தில் நின்று திருத்த ஆள் இருந்தார்கள். வீடியோ பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

திடீரென்று முதுகில் ஓரிடத்தில் சுளீரென வலித்து, நின்றால் கூடி, படுத்தால் குறைகிறதா? பயிற்சியை நிறுத்திவிட்டு முதுகைப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தைலமெல்லாம் அதற்கப்புறம்.

(அடுத்த வாரம்: டெக்ஸா ரிப்போர்ட்டில் மைனஸ் 2.5 என்று இருந்தால்...)